பாம்பன் பாலத்தில் படகை இழுத்துக்கொண்டு: டர்போவா, சூப்பர்சார்ஜரா?

ஜீப்பின் பின்னால் டிரெய்லர் மாட்டி எதையாவது இழுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் ஜீப் பழைய டீசல் வண்டி. பரமக்குடியில் வைக்கோலும் தண்ணீர்த் தொட்டியும் இழுத்தே அதற்கு வயதாகிவிட்டது. பாரம் கட்டினால் திணறுகிறதே என்று மெக்கானிக் முனியசாமியிடம் போனேன். இன்ஜினுக்குள் கூடுதலாகக் காற்றைத் திணித்தால் இழுவை கூடும், அதற்கு இரண்டு வழி உண்டு என்றார். வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றுவது டர்போ. இன்ஜினோடு பெல்ட் மாட்டிச் சுற்றுவது சூப்பர்சார்ஜர். இரண்டில் எது என்றால் மனிதர் பிடி கொடுக்கவில்லை.

"பாரத்த ஏத்தி ஒருக்கா ஓட்டிட்டு வாங்கக்கா. எங்கன மூச்சு வாங்குதுன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க."

பாரம் தானாகவே வந்து சேர்ந்தது. சகாயமேரி ராமநாதபுரம் ஹாஸ்டலில் என்னோடு படித்தவள், பாம்பன்காரி. கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறாள். இத்தனை வருடமும் அடுத்தவர் படகில்தான் போனாள், அவர்கள் கூப்பிட்ட நாளில்தான் தொழில். இப்போது அவளும் இன்னும் நாலு பெண்களும் நகையை விற்று, திருப்பாலைக்குடியில் ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கிவிட்டார்கள். இன்ஜின் இல்லாததால் கடல் வழியே கொண்டுவர முடியாது. "ஒன் ஜீப்புல இழுத்துட்டு வந்துருவியாடி?" என்று போனில் கேட்டாள். எனக்கு வாயெல்லாம் பல். சோதனை ஓட்டத்துக்குப் படகே கிடைக்கிறதென்றால் சும்மாவா!

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வைக்கோல் டிரெய்லரோடு கிளம்பினேன். திருப்பாலைக்குடிக்குச் சுமார் ஐம்பது கிலோமீட்டர். முந்தின நாளே பஸ்ஸில் வந்துவிட்ட சகாயமேரி கரையில் காத்திருந்தாள். டிரெய்லரில் பழைய டயர்களைப் பரப்பி, ஊர்க்காரர்கள் படகைத் தூக்கி வைத்தார்கள். கயிறு போட்டு இறுக்கினோம். படகின் பின்பக்கம் டிரெய்லருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

மணல் தெருவிலிருந்து ரோட்டுக்கு ஏறுவதற்குள் ஜீப் இரண்டு முறை அணைந்துபோனது. இங்கே டர்போ இருந்திருந்தாலும் பிரயோசனமில்லை, இன்ஜின் கொஞ்சம் வேகம் எடுத்தால்தான் அதற்குப் புகை கிடைக்கும். பெல்ட்டில் ஓடும் சூப்பர்சார்ஜர் எடுத்த எடுப்பிலேயே உதவும். அதற்கு ஒரு மார்க் போட்டேன். ஆனால் ராமநாதபுரம் வரைக்குமான கிழக்குக் கடற்கரைச் சாலை ஒரே சமதளம், ஒரே வேகம். இந்த மாதிரி ரோட்டில் வீணாகப் போகும் புகையை வைத்தே டர்போ வேலை பார்க்கும். சூப்பர்சார்ஜரோ இன்ஜினின் பலத்திலேயே பங்கு கேட்கும், டீசலும் கூடக் குடிக்கும். டர்போவுக்கும் ஒரு மார்க்.

"என்னடி, தானாப் பேசிக்கிட்டு வார?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சகாயமேரி. விளக்கிச் சொன்னேன்.

"நீ மார்க்கப் போடு. எனக்குப் படகு முழுசா வந்து சேந்தாப் போதும்." ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள் பாவம்.

மண்டபம் தாண்டிப் பாலத்தில் ஏறியபோது மணி பதினொன்று. பாலத்தில் வண்டியை நிறுத்தாதே என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? சுற்றுலா வேன்கள் ஏற்றத்திலேயே நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தன. பாதி ஏற்றத்தில் நின்று நின்று கிளப்பியதில் கிளட்ச் கருகி நாறியது. சூப்பர்சார்ஜருக்கு இன்னொரு மார்க். ஒருவழியாக உச்சிக்கு வந்துவிட்டோம். அப்பாடா என்றிருந்தது.

அங்கேதான் கோட்டை விட்டேன். எங்கள் மாவட்டத்தில் மலை கிடையாது. நாங்கள் வண்டி பழகியதெல்லாம் கண்மாய்க் கரையிலும் வயல்காட்டிலும்தான். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது கொடைக்கானல் டிரைவருக்குத் தூக்கத்திலும் தெரியும். எனக்கு ஏறி முடித்த சந்தோஷத்தில் கை தானாக நாலாவது கியருக்குப் போய்விட்டது. இறக்கத்தில் நல்ல வேகம் பிடித்தபோது முன்னால் போன வேன் சட்டென்று நின்றது, கடலைப் பார்க்க!

பிரேக்கை மிதித்தேன். ஜீப் நிற்கப் பார்த்தது, படகு நிற்கவில்லை. டிரெய்லருக்கு ஏது பிரேக்? அது பின்னாலிருந்து எங்களை நெட்டித் தள்ளியது. கண்ணாடியில் பார்த்தால் படகின் பின்பக்கம் இடதுபுறக் கைப்பிடிச் சுவரை நோக்கிப் போகிறது. "மாதாவே!" என்று கத்தினாள் சகாயமேரி. பிரேக்கைக் கொஞ்சம் விட்டேன், டிரெய்லர் நேரானது. இரண்டாவது கியருக்கு இறக்கி மறுபடி மிதித்தேன். வேனுக்கு ஒரு கை தூரத்தில் நின்றோம்.

அவள் இறங்கிப் பின்னால் போனாள். ஹாரன் சத்தத்துக்கு நடுவே படகை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிப் பார்த்தாள். நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, "போவோம்" என்றாள். அதற்குமேல் பாம்பன் வரை படகைத் திரும்பிப் பார்க்கவில்லை, பிரேக்கில் இருந்த என் காலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். அதுவே எனக்கு ஆயிரம் வசவுக்குச் சமம்.

கரையில் மற்ற நாலு பெண்களும் படகை இறக்கிக்கொண்டிருக்க, நான் ஜீப் நிழலில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மார்க்கில் சூப்பர்சார்ஜர் ஜெயித்தாலும் நான் போடப்போவது டர்போதான், அதுவும் சீக்கிரம் சுற்ற ஆரம்பிக்கும் சின்ன டர்போ. பரமக்குடியில் அதற்கு உதிரிபாகம் உண்டு, கை வைக்க ஆள் உண்டு. கிளம்பும் இடத்துத் திணறலை முதல் கியரும் பொறுமையும் பார்த்துக்கொள்ளும். ஓடித் தீர்ந்ததும் இன்ஜினை உடனே அணைக்காமல், டர்போவின் சூடு ஆற ஒரு நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். ஆனால் இரண்டுக்கும் முன்னால் டிரெய்லருக்குப் பிரேக். இழுவையை மட்டும் கூட்டியிருந்தால் இன்னும் வேகமாக வந்து வேனில் இடித்திருப்பேன், அவ்வளவுதான். நீங்கள் போவதானால் வேன்கள் வருவதற்குள், விடிந்ததும் பாலத்தைக் கடந்துவிடுங்கள். போக வர சுமார் இருநூறு கிலோமீட்டர், டீசல் ஆயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய்.

"இது என்னக்கா, புதுசா ஒரு கீறலு?" நால்வரில் இளையவளான ரோஸ்லின் படகின் பின்பக்கத்தைக் காட்டினாள். ஒரு சாண் நீளம் இருக்கும்.

"பாலத்துல ஒரசிருச்சு" என்றாள் சகாயமேரி. "இவ நிப்பாட்டலேன்னா படகும் இல்ல, நானும் இல்ல." பிறகு என் பக்கம் திரும்பி, "அங்கன என்னடி குத்தவச்சிருக்க? வந்து ஏறு. மொதச் சவாரி ஒனக்குத்தான்."

எவ்வளவு தாமதமாக நிறுத்தினேன் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஏறி உட்கார்ந்ததும் பொலபொலவென்று அழுதுவிட்டேன். ஐந்து பேரும் சேர்ந்து படகைத் தண்ணீருக்குள் தள்ளினார்கள். தாவி ஏறித் துடுப்பைக் கையில் எடுத்த சகாயமேரி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"கெட்டியாப் பிடிச்சுக்கடி. இதுக்கும் பிரேக்கு கெடையாது."