ஐந்தாவது ஓடு

இருபத்திரண்டு வருட மணவாழ்க்கையில் யாரும் சொல்லாமல், யாரும் கெஞ்சாமல், நானாகவே முன்வந்து எதையாவது கழுவியது ஒரே ஒரு தடவைதான். அது தூத்துக்குடியில் நடந்தது. கழுவியது பாத்திரம்கூட இல்லை, நான்கு ஓடுகள். அவற்றோடு சேர்த்து என் மனைவியின் ஒரு மாத உழைப்பையும், அவளுடைய முனைவர் பட்டத்தில் ஒரு பகுதியையும் சோப்புப் போட்டு, நார் கொண்டு தேய்த்து, சாக்கடையில் விட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் போன இடத்தில் என்ன பார்த்தோம் என்று எழுதுவார்கள். போன இடத்தில் என்ன கெடுத்தோம் என்று எழுதுவதில்லை.

சனிக்கிழமை, காலை 6.40. சென்னையிலிருந்து வந்த இரவு வண்டி என்னை இறக்கிவிட்டது. வரவேற்க யாரும் இல்லை. "ஸ்டேஷனுக்கு வர முடியாதுங்க, அந்நேரம் கடல்ல இருப்பேன்" என்று சுகந்தி முதல் நாளே போனில் சொல்லியிருந்தாள், ஏதோ பாங்கில் இருப்பேன் என்பது போல. சென்னையில் ஒரு கல்லூரியில் இருபது வருடம் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள், நாற்பத்து நான்காவது வயதில் படிப்பு விடுப்பு போட்டுவிட்டு முத்துச்சிப்பி பற்றி ஆராய்ச்சி செய்ய இந்த ஊருக்கு வந்தாள். ஒன்றரை வருடமாகிறது. எப்படி இருக்கிறாள் என்று பார்க்க நான் வருவது இதுதான் முதல் தடவை. சாக்குகள் நிறைய இருந்தன, இங்கே இடம்தான் இல்லை.

ஆட்டோக்காரர் நூற்றிருபது ரூபாய் கேட்டார். முகவரியைச் சொன்னேன்.

"சிப்பி டீச்சர் வீடா? நீங்க அவியளுக்கு என்ன வேணும்?"

"வீட்டுக்காரர்."

திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். "அவிய காலையில அஞ்சு மணிக்கே திரேஸ்புரம் கடக்கரைக்குப் போயிருப்பாவளே. ஏறுங்க அண்ணாச்சி, எண்பது குடுங்க போதும்."

என் மனைவியின் பெயரால் நாற்பது ரூபாய் தள்ளுபடி பெற்றது அதுவே முதல் முறை.

அவள் குடியிருப்பது கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு தெருவில், மாடி அறை. கீழே வீட்டு உரிமையாளர் ஜாய்ஸ் அக்கா, நாசரேத்துக்காரர், ஓய்வு பெற்ற நர்ஸ். சாவியைக் கொடுத்தபோதே, "ஃப்ரிட்ஜுல எதையும் முகர்ந்து பாக்காம சாப்பிட்ராதீய சார்" என்று எச்சரித்தார். அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. கட்டிலுக்கடியில் வாளிகள், கயிற்றுச் சுருள்கள். சுவரில் கோயில் காலண்டர், அதில் தேதிக்குப் பக்கத்தில் பென்சிலால் நீரேற்றம், நீரிறக்கம். ஜன்னல் கம்பிகளை உப்புக்காற்று பாதி தின்று வைத்திருந்தது. அலமாரியில் ஐந்து புடவைகள். சென்னை பீரோவில் இடமில்லை என்று என் சட்டைகளை வெளியேற்றிய அதே பெண்.

ஒன்பதரைக்கு வந்தாள். நல்ல கறுப்பாகியிருந்தாள். மூக்குக் கண்ணாடியில் உப்புப் படிந்திருந்தது. பின்னாலேயே ஐம்பது வயதுக்காரர் ஒருவர் நீல பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார். மிக்கேல், அவளைப் படகில் கடலுக்குக் கூட்டிப்போகும் வள்ளக்காரர். "மெல்ல, இங்கன வைங்க" என்றாள் சுகந்தி. "இங்கன" என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

தொட்டிக்குள் கடல்நீரில் ஒரு சாண் அகலமுள்ள நான்கு சுடுமண் ஓடுகள். தோசை வார்த்தபடியே அவள் விளக்கினாள். மாதாமாதம் நான்கு ஓடுகளைக் கடலுக்குள் தொங்கவிடுவார்கள். அடுத்த மாதம் எடுத்து, அதில் எத்தனை சிப்பிக் குஞ்சு ஒட்டியிருக்கிறது என்று ஆய்வகத்தில் எண்ணுவாள். இது ஆறாவது மாதம், கடைசி மாதம். ஆய்வகத்தில் திங்கள் காலை வரை மின்சார வேலை நடக்கிறதாம். அதனால் தொட்டி வீட்டுக்கு வந்திருக்கிறது. நான் தலையாட்டினேன். என் கவனம் தோசையில் இருந்தது. கணவன்மார்கள் தலையாட்டும்போது மனைவிமார்கள் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டுவிடுவது நல்லது.

பிற்பகல் 3.00. திங்கட்கிழமை ஆய்வுக் குழுவுக்கான அறிக்கையைப் பிரதி எடுக்க அவள் வெளியே போனாள். வெயில் சுவரைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. ஒன்றரை வருடமாக இந்த வெக்கையில் ஒருத்தி தனியாகச் சமைத்து, துவைத்து, கடலுக்குப் போய்ப் படித்துக்கொண்டிருக்கிறாளே என்று எனக்குள் ஒரு கனிவு சுரந்தது. அது ஆபத்தான கனிவு. அந்த நேரத்தில்தான் மாடி முற்றத்துத் தொட்டி கண்ணில் பட்டது. ஓடுகள்மேல் பாசியும் சளியும் பொடிப்பொடியாய் அழுக்கும். நாற்றம் வேறு. ஒரு சின்ன மோட்டார் குழாய் வழியே தண்ணீருக்குள் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. ஏதோ புதுவகைச் சலவை இயந்திரம், அழுக்குப் போக மாட்டாமல் திணறுகிறது என்று நினைத்தேன்.

கால் மணி நேரம். நான்கு ஓடுகளும் பளபளத்தன. வெயிலில் சாய்த்துக் காயவும் வைத்தேன்.

நாலரைக்குத் திரும்பி வந்தாள். ஒரு ஓட்டை எடுத்தாள், பார்த்தாள், வைத்தாள். படியில் உட்கார்ந்தாள்.

"அது அழுக்கில்லைங்க."

"பின்னே?"

"சிப்பிக் குஞ்சு. கடுகளவுதான் இருக்கும்."

"எத்தனை இருந்திருக்கும்?"

"எண்ணியிருந்தா தெரிஞ்சிருக்கும்."

பிறகுதான் முழு விவரமும் சொன்னாள். குழு வருடத்துக்கு ஒரு முறைதான் கூடும். திங்கள் காலை பதினொன்று. ஆறு மாதமும் விடாமல் எண்ணிக்கை காட்டினால் இன்னும் ஒரு வருடம் கிடைக்கும். இல்லாவிட்டால் ஜூனில் விடுப்பு முடிகிறது. வெறுங்கையோடு கல்லூரிக்குத் திரும்ப வேண்டியதுதான். இருபது வருடம் மற்றவர்கள் எழுதிய பாடத்தை நடத்திவிட்டு, ஒரு பக்கமாவது தானே எழுத வேண்டும் என்று வந்தவள். இதைச் சொல்லும்போது அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஜாய்ஸ் அக்கா மேலே வந்து பார்த்தார். "எங்க வீட்டு ஆம்பளைங்க ஒரு டம்ளரக் கழுவ மாட்டாவன்னு இத்தனை வருசமா கொற சொல்லிட்டேனே. அவிய அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மிக்கேலுக்குப் போன் செய்தார்.

மிக்கேல் வந்தார். ஓடுகளைப் பார்த்தார். "தஸ்நேவிஸ் மாதாவே! தேச்சா விட்டீய?" என்றார் என்னிடம். அப்புறம் சுகந்தியிடம் திரும்பி, "எதுக்கு டீச்சர் இப்படி இருக்கீய? மாதா ஓடு கெடக்குல்லா?" என்றார்.

அவள் நிமிர்ந்தாள்.

கதை இதுதான். முதல் மாதம் நான்கு ஓடுகளை இறக்கப் போனபோது மிக்கேல் ஐந்தாவதாக ஒன்று கேட்டிருக்கிறார். பிழைப்புக்காகக் கடலில் எதை இறக்கினாலும் மாதாவுக்கு ஒன்று சேர்த்து இறக்குவது அவர் குடும்பத்து வழக்கம். திட்டத்தில் நான்குதான் என்று இவள் மறுத்திருக்கிறாள். "உங்க நாலு உங்களுக்கு டீச்சர். அஞ்சாவது உங்க கணக்குலயே வராது" என்று சொல்லி, ஆணியால் சிலுவை கீறி, தனிக் கயிற்றில் அதே இடத்தில் இறக்கிவிட்டார். மாதம் தவறாமல் அப்படித்தான். அதை மட்டும் திரும்ப எடுப்பதில்லை. ஆனால் எடுக்காத ஓட்டையும் நோட்டின் ஓரத்தில் தேதியோடு குறித்து வைக்கும் ஜாதி என் மனைவி. ஆறாவது மாத மாதா ஓடு, நான் கழுவிய நான்கோடு ஒரே நாளில் இறங்கியது.

"இப்பவே போகலாமே" என்றேன்.

"காத்து சரியில்ல" என்றார் மிக்கேல். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை, வள்ளம் எறங்காது."

"கூடுதலா ஏதாவது குடுத்துடறேன். ஒரு ஞாயிறுதானே..."

மிக்கேல் என்னை நிதானமாகப் பார்த்தார். "அண்ணாச்சி, ஓட்டக் கழுவுனதோட நிறுத்திக்கிடுங்க."

மேலும், அது மாதாவின் பொருள். கேட்காமல் எடுக்க முடியாது. நாளைக் காலைப் பூசையில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 8.30. என்னைக் கண்ணெதிரே வைத்திருப்பதுதான் பாதுகாப்பு என்று சுகந்தி ஊர் சுற்ற அழைத்துப் போனாள். திரேஸ்புரத்தில் வள்ளங்கள் கரையோடு கரையாக வரிசையாகக் கிடந்தன; ஒன்றுகூடக் கடலில் இல்லை. காற்று இருந்தது, மீன் இருந்தது, டீசல் இருந்தது, யாரும் போகவில்லை. வாரத்தில் ஒரு நாள் கடலுக்கே விடுமுறை விட்ட ஊர். தீபாவளியன்றுகூட அலுவலக மெயில் பார்க்கும் எங்கள் தெருவை நினைத்துக்கொண்டேன். தெற்கே துறைமுகத்துக் கிரேன்களும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும் மட்டும் ஞாயிறு தெரியாமல் நின்றன. மக்ரூன் கடைக்குப் போனோம். முந்திரியும் முட்டை வெள்ளையும் சேர்ந்து வாயில் வைத்ததும் காணாமல் போகிற வஸ்து. கால் கிலோ இருநூற்றைம்பது ரூபாய். கடைக்கார அண்ணாச்சி அவளிடம், "நாளைக்குத்தானே டீச்சர் மீட்டிங்கு?" என்றார். மீன் விற்கிற பெண் அதையே கேட்டாள். சென்னையில் எங்கள் எதிர் வீட்டுக்காரருக்கு அவள் பெயர்கூடத் தெரியாது.

மிக்கேல் 'தஸ்நேவிஸ் மாதா' என்று கூப்பிட்ட பனிமய மாதாவின் கோயில் வாசலில் பூசை முடிந்து மிக்கேல் வெள்ளைச் சட்டையில் வந்தார்.

"கேட்டீங்களா அண்ணே?" என்றாள் சுகந்தி. அவள் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது.

"கேட்டேன். மாதா ஒண்ணும் சொல்லல."

"அப்படின்னா?"

"வேண்டாம்னா சொல்லியிருப்பாவ." என் பக்கம் திரும்பினார். "ஆனா எண்ணி முடிச்சதும் உயிரோட திரும்ப எறக்கிரணும். கழுவுனவரு கையாலதான் எறக்கணும்."

திங்கட்கிழமை, காலை 5.10. வள்ளம் கிளம்பியது. முக்கால் மணி நேர ஓட்டம். நான் இரண்டு கைகளாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முந்தின நாள் மக்ரூனைக் கடலுக்குக் காணிக்கையாக்காமல் இருக்கப் போராடினேன். சுகந்தி நின்றுகொண்டிருந்தாள். எதையும் பிடிக்காமல், அலை வரும் முன்பே முழங்காலை மடக்கி. நகரப் பேருந்தில் கம்பியைப் பிடித்தும் தடுமாறுகிறவளாகத்தான் எனக்கு அவளைத் தெரியும். இவள் வேறு யாரோ, இவளோடு எனக்கு அறிமுகம் ஆக வேண்டும் என்று தோன்றியது.

வெள்ளை கேன் மிதவை ஒன்றைக் கொக்கியால் இழுத்து மிக்கேல் கயிற்றை ஏற்றினார். முதலில் வந்தது ஆறாவது மாத ஓடு. அதே பாசி, அதே சளி. இம்முறை அது எனக்கு நவரத்தினம் மாதிரித் தெரிந்தது. அதற்குக் கீழே ஐந்தாவது மாதத்து ஓடு, அதற்கும் கீழே நான்காவது. கீழே போகப் போக ஒட்டியிருந்த சிப்பிகள் பெரிதாகிக்கொண்டே போயின: மிளகு, துவரை, சட்டைப் பொத்தான். கடைசியில் வந்த முதல் மாத ஓட்டில் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிய சிப்பிகள் அடை அடையாக.

சுகந்தி குனிந்து ஒவ்வொரு ஓடாகப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து ஸ்கேலை எடுத்தாள்.

"அண்ணே, அஞ்சே நிமிஷம். ஒண்ணொண்ணா அளந்துட்டு உடனே எறக்கிரலாம்."

"அளங்க டீச்சர். அளந்தா மாதாவுக்கு ஒண்ணும் கொறையாது."

அவள் திட்டத்தில் குஞ்சு ஒட்டுவது மட்டும்தான் இருந்தது. ஒட்டியது பிழைத்ததா, எவ்வளவு வளர்ந்தது என்பதை மிக்கேலின் கயிறு ஆறு மாதமாகத் தன்பாட்டில் எழுதி வைத்திருந்தது. அவள் சொல்லச் சொல்ல நான் நோட்டில் குறித்தேன். அதற்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

காலை 8.45, ஆய்வகம். வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கூடப் படிக்கும் இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் "அக்கா, அக்கா" என்று ஓடி ஓடிக் கடல்நீர் ஊற்றினார்கள், விளக்குப் பிடித்தார்கள். அவள் நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்கவில்லை. பத்தே முக்காலுக்கு எண்ணிக்கை வந்தது: நூற்று முப்பத்தேழு. முகத்தைக் கழுவாமல், கட்டியிருந்த புடவையோடு குழு அறைக்குள் போனாள்.

ஒன்றேகால் மணி நேரம் வேப்பமரத்தடியில் நின்றேன். வெளியே வந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"பசிக்குது. பரோட்டா சாப்பிடலாம்."

எண்ணெயில் பொரித்த பரோட்டா இரண்டு உள்ளே போன பிறகுதான் வாய் திறந்தாள். நடந்ததை நடந்தபடியே சொல்லியிருக்கிறாள்: நான்கு ஓடுகள் வீட்டில் அழிந்துவிட்டன, இது ஒரே ஓடு, இரண்டு நாள் கூடுதலாகக் கடலில் இருந்தது. ஒரு பேராசிரியர் ஐந்தாவது ஓட்டைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டிருக்கிறார். வளர்ச்சி அளவுகளைப் பார்த்துவிட்டு, இனிமேல் ஐந்தாவதையும் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளலாமே என்றாராம்.

"நீ?"

"அது என்னோடது இல்ல சார், வேணும்னா கேட்டு அளந்துக்கறேன்னு சொன்னேன்." இன்னொரு பரோட்டாவைக் கிழித்தாள். "ஒரு வருஷம் குடுத்துட்டாங்க."

பிற்பகல் மறுபடி வள்ளம். சிலுவை கீறிய ஓட்டை என் கையில் கொடுத்தார் மிக்கேல். "மெல்ல எறக்குங்க அண்ணாச்சி, கெணத்துல கல்லப் போடுதாப்புல போடாதீய." இறக்கினேன். பச்சைத் தண்ணீருக்குள் அது மங்கி மறைந்தது. வாழ்க்கையில் இவ்வளவு பத்திரமாக நான் எதையும் கீழே வைத்ததில்லை.

அன்றைய வண்டியில் ஊர் திரும்பினேன். சென்னையில் எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை மூன்று கிலோமீட்டர். வருடத்தில் இரண்டு தடவை போய் சுண்டல் தின்றுவிட்டு வருவோம். கடலுக்கு இவ்வளவு அருகிலிருந்த அவளுக்கு, கடலை அடைய அறுநூற்றைம்பது கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது. அதில் ஒரு பகுதி தூரத்துக்கு நான்தான் காரணமோ என்று வண்டியில் யோசித்தேன். விழுப்புரம் வரை தூக்கம் வரவில்லை.

மூன்று மாதம் கழித்து, எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி அத்தியாயம் ஒன்றை அனுப்பினாள். அதில் ஓர் அட்டவணை. இழந்த ஓடுகளும் காரணமும்: வலை அறுத்தது ஒன்று, கயிறு இற்றது ஒன்று, பிற காரணம் நான்கு. போன் செய்தேன். கொஞ்சம் மனத்தாங்கலோடுதான் கேட்டேன்: "பிற காரணமா? உண்மையை எழுத வேண்டியதுதானே, வீட்டுக்காரர் கழுவிட்டார்னு?"

"எழுதலாம்தான்" என்றாள். "ஆனா ஆராய்ச்சியில ஒண்ண எழுதினா, அத இன்னொரு தடவை நடத்திக் காட்டச் சொல்வாங்க. நீங்க மறுபடியும் எதையாவது கழுவுவீங்கன்னு நான் யாரை நம்பி எழுதறது?"