மாமனார் படத்தை முறைத்த மீன்

சிதம்பரத்தில் ஒரு ஃபைட்டர் மீன் வாங்கி வந்து, கடலூர் வீட்டு ஹால் அலமாரியில், காலமான மாமனார் படத்துக்கு நேர் முன்னால் தொட்டியை வைத்தேன். பகலெல்லாம் சாதுவாக இருக்கும். சாயங்காலம் படத்துக்கு மேலே சிவப்பு பல்பைப் போட்டதும் செவுளை விரித்துக்கொண்டு, படத்தைப் பார்த்தபடி தொட்டியில் முட்டும். அந்த 'டக் டக்' சத்தம் கேட்டால் நாங்கள் ஹால் பக்கமே போக மாட்டோம். வால் கிழிந்து, தீனியும் எடுக்காமல் போனது.

"எங்கப்பா இங்கதான் நிக்கிறாரு. அதுக்குத் தெரியுது" என்றாள் மனைவி.

"என்னை விட்டுட்டு மீன்கிட்ட அவருக்கு எதுக்கு வம்பு?" என்றேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று அவருக்குப் பிடித்த மிக்சரைப் படத்தருகே வைத்தேன். முட்டல் நிற்கவில்லை. மிக்சராவது வீணாகக் கூடாதே என்று குனிந்து ஒரு பிடி எடுத்தபோது என் முகம் தொட்டிக்கு நேராக வந்தது. மாமனார் மீசைக்கு மேலே இன்னொரு மீன் செவுளை விரித்து நின்றது. கையை ஆட்டினேன், படத்துக்குள்ளும் ஒரு கை ஆடியது. பல்பு வெளிச்சத்தில் படத்தின் கண்ணாடியில் தெரிந்த தன் உருவத்தோடுதான் அது சாகிற அளவுக்குச் சண்டை போட்டிருக்கிறது.

தொட்டியை இடம் மாற்றினேன்; வால் மெல்ல வளர்ந்தது. இப்போதெல்லாம் தொட்டியை எங்கே வைத்தாலும் முதலில் விளக்கைப் போட்டு, மீன் உயரத்துக்கு மண்டியிட்டு, எதிரே ஏதாவது பளபளக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். நான் மீனைக் கும்பிடுவதாகத் தெருவில் பேச்சு.