மஞ்சளாகாத பலகை

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தின்போது, உளுந்தூர்பேட்டைக்கு முன்னால் புளியமரத்தை வெட்டிப் போட்டு எங்கள் பஸ்ஸை மறித்தார்கள். என் பக்கத்தில் ஒல்லியான வார்னிஷ் விற்பனையாளர் ஒருவர். மடியில் இருந்த இரண்டு பலகைகளைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். மறித்தவர்களில் கம்போடு ஏறிய ஒருவன் அவர் முன்னால் வந்து நின்றான்.

"நீ இன்னா ஆளு?"

அவர் துண்டைத் தோளில் போட்டார்.

"வார்னிஷ் ஆளுங்க." பலகைகளை நீட்டினார். "ரெண்டும் ஒரு வருஷம் வெயில்ல கெடந்துது. இது மஞ்சளாயிடுச்சி. இன்னொண்ணுல பூசுன வார்னிஷ்ல வெயில் தாங்குற மருந்து கலந்துகீது. மரத்து நெறம் அப்படியே கீது, பாருங்க."

அவன் கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டையும் தடவிப் பார்த்தான்.

"எங்க வூட்டுக் கதவும் மஞ்சளாயிகினு கீது. இத்த மேல பூசுனா போவுமா?"

"போவாதுங்க. பழசைச் சுரண்டிட்டுதான் பூசணும்."

தலையாட்டிவிட்டு அவன் இறங்கிப் போனான். அவன் கேட்டது சாதியை என்பது அவருக்குப் புரிந்ததா, இல்லையா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.