கை நடுங்கியது, காய் நடுங்கவில்லை

“அத்தான், மூச்ச விடுங்க. மூஞ்சி நீலமாகுது!”

போன ஞாயிற்றுக்கிழமை சாந்தன்பாறையில் என்னைப் பார்த்து இப்படிக் கத்தியது தங்கம், என் மனைவியின் தங்கை. இடம், ஏலக்காயை உலர்த்தித் தரம் பிரிக்கும் அவளுடைய ஸ்டோர். நான் முழங்கையை விலாவில் ஒட்டி, மூச்சை அடக்கி, புது கேமராவோடு நின்றுகொண்டிருந்தேன். போட்டோ எடுக்கிறேனா, யோகா செய்கிறேனா... எனக்கே சந்தேகம்தான்.

விஷயம் சீரியஸானது. இடைத்தரகர் யாரும் இல்லாமல், தங்கம் முதன்முதலாக நேரடியாகப் பிடித்த ஆர்டர் அது. சென்னையில் ஒரு ஸ்வீட் கடைக்காரர். செல்போனில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். போன் சும்மா இருக்குமா? பச்சையைக் கிளிப்பச்சையாக்கி அனுப்பிவிட்டது. உடனே பதில் வந்தது: “கலர் போட்ட காயாம்மா?”

அன்று முழுக்க தங்கம் சாப்பிடவில்லை. ஞாயிறு காலையில் எனக்குப் போன் போட்டாள். “ஒழுங்கான படம் ஒண்ணு, இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள வேணும் அத்தான். இல்லன்னா வேற ஆளைப் பார்த்துக்கிடுவாராம்” என்றாள். குடும்பத்தின் ஆஸ்தான புகைப்படக்காரன் கிளம்பிவிட்டேன். (நியமித்தது யார்? நானேதான்.)

இந்த இடத்தில் உங்கள் கேள்விக்கு வருகிறேன். கேமரா வாங்கியதாக எழுதியதிலிருந்து பலரும் கேட்பது – முதல் லென்ஸுக்கு ஸ்டெபிலைசேஷன் அவசியமா? அதாவது, நம் கை நடுக்கத்தை லென்ஸே உள்ளுக்குள் சமாளித்துக்கொள்ளும் வசதி.

தேனியில் வாங்கப் போனபோது, “கை உறுதியா இருந்தா அதெல்லாம் எதுக்குங்க?” என்று நெஞ்சை நிமிர்த்தினேன். கடைக்காரர் பண்பானவர். “அந்தக் காலண்டரை ஒரு படம் எடுங்க சார்” என்றார். எடுத்தேன். படத்தில் ஒரே தாளில் இரண்டு மாதம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் உடனே ஸ்டெபிலைசேஷன் இல்லாத லென்ஸை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, அந்த வசதி உள்ளதை என்னிடம் நீட்டினார்.

சரி, ஸ்டோருக்கு வருவோம். உள்ளே அரை இருட்டு. ஜன்னலைத் திறக்கப் போனேன். “வெளிச்சம் பட்டா காய் வெளுத்துரும்!” – தங்கம். ஃப்ளாஷ் போட்டேன். காய் சுண்ணாம்பு அடித்தது போல விழுந்தது. ஸ்டாண்டு வைக்கலாமென்றால் காய் பொறுக்கும் பெண்களுக்கு நடுவே கால் வைக்கவே இடமில்லை. மூட்டை மேல் சாய்ந்தேன். “காய் உடையும், எந்திரிங்க!” – மறுபடி தங்கம்.

மிச்சம் இருந்தது என் கையும் அந்த லென்ஸும்தான். கேமராவின் கண் மெதுவாகத் திறந்து மெதுவாக மூட வேண்டிய வெளிச்சம். என் கைக்கு அது ஒரு யுகம்.

கிளிக்.

திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். அடடா! ஒவ்வொரு காயின் வரியும், காம்பு நுனியும் கத்தி மாதிரித் துல்லியம். ஆனால் பொறுக்கிக்கொண்டிருந்த பேச்சியம்மாவின் கை மட்டும்... புகை.

பேச்சியம்மா எட்டிப் பார்த்தார். “ஏ தங்கம், எங்கையைக் காணமே! பேய் வந்து பொறுக்குத மாதிரில்லா இருக்கு!”

“லென்ஸ் என் நடுக்கத்தை மட்டும்தான் நிறுத்தும் பேச்சியம்மா. நீங்க கையை ஆட்டினா அது என்ன செய்யும்?” என்று விளக்கினேன்.

“அப்ப என் கைக்கு ஒண்ணு வாங்கியாரலியா சார்?”

ஸ்டோரே சிரித்தது. கையை அசைக்காமல் இருக்கச் சொல்லி இன்னொரு படம் எடுத்தேன். கை தெளிவாக விழுந்தது. அதுதான் அனுப்ப வேண்டிய படம் என்று தீர்ப்பும் சொன்னேன்.

தங்கம் இரண்டையும் பார்த்தாள். “இதுல பேச்சியக்கா ஆதார் கார்டுக்கு உக்காந்திருக்கா. அதுலதான் அத்தான் வேலை நடக்கு” என்றபடி புகைப் படத்தை அனுப்பியேவிட்டாள். தலையில் கை வைத்துக்கொண்டேன்.

பத்து நிமிடத்தில் சென்னையிலிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டாள்.

“அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. சாயம் போட்டிருந்தா எல்லாம் ஒரே பச்சையா இருக்கும். இதுல ஒவ்வொரு காயும் ஒவ்வொரு பச்சை, நல்லாத் தெரியுது. அந்தக் கை ஓடுற ஓட்டத்தைப் பார்த்தா, சாயம் போட நேரமேது? நாளைக்கே அனுப்பிருங்க.”

தங்கம் போட்ட கூச்சல் பக்கத்து ஊர் பூப்பாறை வரை கேட்டிருக்கும். பேச்சியம்மா தன் புகைக் கையைப் பார்த்துப் பார்த்து எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார். என்னை யாராவது தூக்கிச் சுமப்பார்களா என்று சற்று நேரம் வாசலில் நின்று பார்த்தேன்; ஒருவரும் வரவில்லை. ஆனாலும் வெற்றி வெற்றிதானே!

ஆகவே மக்களே, ஓடுகிற குழந்தையையும் பறக்கிற குருவியையும் மட்டும் எடுக்கப் போகிறீர்களா? அதற்கு வெளிச்சம்தான் வேண்டும், ஸ்டெபிலைசேஷன் வேண்டாம். அசையாத பொருள், அரை இருட்டு, என் கை மாதிரி ஒரு கை – இந்த மூன்றும் சேர்ந்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

மறுநாள் மூட்டைகளோடு ஜீப் கிளம்பியதையும் ஒரு படம் எடுத்தேன். அது மட்டும் ஆடித்தான் விழுந்திருக்கிறது... நடுங்கினால் லென்ஸ் பார்த்துக்கொள்ளும், நான் குதித்தால் அது என்ன செய்யும்?