நன்றியுரையில் தேர்ந்தெடுத்த ஓ.ஐ.சி

போன சனிக்கிழமை முருங்கைக்காய் வாங்கப் போனேன். கடையின் முன்கண்ணாடி இருந்த இடத்தில் பலகை அடித்திருந்தது.

மறுபடியுமா?

கடைக்காரர் நேசராசா என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரித்தார் என்று எழுதுவது மரியாதைக்காக... உதடு மட்டும்தான் அசைந்தது.

"என்ன அண்ணை பாக்கிறியள்? ராத்திரி வந்து உடைச்சிட்டுப் போட்டாங்கள். அதே பொடியள்தான்."

"பொலிசுக்குச் சொன்னனீங்களோ?"

"சொன்னனான். புது ஓ.ஐ.சியே நேரிலை வாறாராம்."

உள்ளே பருப்புப் பைகளை அடுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி தவமணி, திரும்பாமலே சொன்னார்: "ஓம், புது ஓ.ஐ.சி. நாங்களே பொன்னாடை போத்திக் கதிரையிலை இருத்தின ஓ.ஐ.சி."

இந்த ஒரு வசனத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கூத்து இருக்கிறது. அதை இன்று சொல்லிவிடுகிறேன்.

ஓ.ஐ.சி என்பது ஊர்ப் பழக்கம். பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியை இலங்கையில் அப்படித்தான் சொல்வோம். இங்கே அந்தப் பதவிக்கு வேறு நீளமான பெயர் இருக்கிறது. நம்மவர் வாயில் அது நுழைவதில்லை. எந்த நிலையம் என்று மட்டும் கேட்காதீர்கள். கிழக்கு லண்டன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதற்குமேல் எழுதினால் இந்தப் பத்திரிகை ஆசிரியருக்குப் போன் வரும்.

எங்கள் பகுதிப் பெரிய அதிகாரி ஓய்வு பெறப் போகிறார் என்ற செய்தி சில மாதங்களுக்கு முன் வந்தது. அவரைப் பெரியவர் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவர் சின்னவர். சின்னவர் இதே பகுதியில் பிறந்து, இதே நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, இதே நிலையத்திலேயே தலை நரைத்தவர். அடுத்த ஓ.ஐ.சி அவரா? அல்லது வெளியிலிருந்து ஒருவரா?

இதுதான் கேள்வி. அதுவரை போல் டாக்ஸ் என்ற புது வரியைப் பற்றிக் கதைத்த வாய்களெல்லாம் இந்தப் பக்கம் திரும்பிவிட்டன. நேசராசா கடையில் வீடியோ கசட் எடுக்க வந்தவர்கள்கூடக் கசட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்று வாதாடினார்கள்.

நேசராசாவுக்குச் சந்தேகமே இல்லை. வெளியாள்தான் வேண்டும்.

"சின்னவர் நல்ல மனுசன் அண்ணை. அதை நான் இல்லையெண்டு சொல்லேல்லை. கண்ணாடி உடைஞ்ச நேரமெல்லாம் அவர்தான் வந்தவர். தேத்தண்ணி குடிச்சவர். ஆனால் என்ன சொல்லுறார்? 'அந்தப் பொடியன்ரை தகப்பனை எனக்குத் தெரியும், நானும் அவனும் ஒண்டாப் பந்தடிச்சனாங்கள், நல்ல குடும்பம், நான் ஒரு சொல்லுச் சொல்லிவிடுறன்' எண்டுறார். சொல்லிவிட்டும் இருப்பார். பிறகும் கண்ணாடி உடையுது! வழக்குப் போடுங்கோ எண்டால், அது மேலிடத்தின்ரை கையிலை எண்டுறார். ஒருத்தரையும் தெரியாத ஒருத்தன் வரோணும் அண்ணை. அவன்தான் பிடிப்பான்."

தவமணி இதற்கு நேரெதிர்.

"வெளியாளை நான் ஊரிலை கண்டனான்" என்றார். "புதுசா ஒருத்தன் வந்தால் கதையை நான் முதலிலையிருந்து தொடங்கோணும். எனக்கு ஏலாது. இவருக்கெண்டாலும் எங்களைத் தெரியும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஊரில் எங்களுக்கு வந்த ஓ.ஐ.சிமார் பெரும்பாலும் வெளியாட்கள்தானே? முறைப்பாடு கொடுக்கப் போனால் நாங்கள் தமிழில் சொல்வோம், அவர்கள் சிங்களத்தில் எழுதுவார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வருவோம். ஒருவரையும் தெரியாதவர் ஒருவருக்கும் பாரபட்சம் காட்டமாட்டார் என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ!

ஆனாலும் நான் நேசராசா கட்சி. காரணம் எங்கள் தமிழ்ச் சங்கம் நடத்தும் பள்ளி.

அந்தப் பள்ளிக்கு ஒரு தலைமை ஆசிரியர் தேவைப்பட்டார். உள்ளேயே தகுதியான இருவர் இருந்தார்கள். ஒருவரை மற்றவர் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் மேற்கே ஈலிங்கிலிருந்து ஒருவரைப் பிடித்து வந்தோம். பாவம் மனிதர், ஞாயிற்றுக்கிழமைகளில் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் லண்டனை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கடந்து வருவார். எந்தப் பிள்ளை யாருடைய பிள்ளை என்று அவருக்குத் தெரியாது. அதனால் பிழையைப் பிழை என்றார். சங்கத் தலைவரின் மகளையே பேச்சுப்போட்டியில் கடைசியாக நிறுத்தினார். நாங்கள் வாயைப் பிளந்து பார்த்தோம்... என்ன நேர்மை!

அடுத்த வருடம்? அதற்குள் அவர் பாதி வீடுகளில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டிருந்தார். சங்கத் தலைவரின் மகளுக்கு முதல் பரிசு கிடைத்தது. வெளியாள் எத்தனை காலம் வெளியாளாகவே இருப்பார் என்பதை அன்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. முதல் வருடத்து நேர்மைதான் மனதில் நின்றது.

இந்த நேரத்தில்தான் எங்கள் சங்கச் செயலாளர் மாஸ்டர் ஒரு சேதியோடு வந்தார். ஊரில் கணக்குப் படிப்பித்தவர், அதனால் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். பெரியவருக்குச் சங்கம் பிரியாவிடை வைக்கிறது. தலைமையகத்திலிருந்தும் ஓர் உயரதிகாரி வருகிறார். அடுத்த ஆள் எப்படி இருக்க வேண்டும் என்று இங்கே இருக்கும் சனத்திடம் நேரில் கேட்க விரும்புகிறாராம்.

எங்கள் சொல்லைக் கேட்டுத்தான் முடிவெடுப்பார்களா? தெரியாது. ஆனால் கேட்கிறார்களே! ஊரில் எங்களை யார் கேட்டார்கள்?

கூட்டம் கூடிப் பேசி முடிவாயிற்று. வெளியாள் வேண்டும் என்று பணிவாகச் சொல்வது. சொல்பவர் நேசராசா. அடி வாங்கியவர் சொன்னால்தானே எடுபடும்? நன்றியுரை அவருக்கு ஒதுக்கப்பட்டது. தவமணி தனியொருவராக எதிர்த்துப் பார்த்தார். பிறகு, "சரி, என்னவோ ஒண்டை வாய் திறந்து சொல்லுங்கோ. அது போதும்" என்று விட்டுவிட்டார்.

பிரியாவிடை நாள். தேவாலய மண்டபத்தில் குத்துவிளக்கு, மாலை, வடை, கேசரி. பெரியவர் மனைவியோடு வந்திருந்தார். அந்த அம்மாவுக்கு யாரோ மல்லிகைச் சரம் வைத்துவிட்டார்கள். அவர் அதை அடிக்கொருதரம் தொட்டுப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார்.

அங்கேதான் எங்கள் குணம் காலை வாரியது.

பிரியாவிடையில் நம்மவர் யாராவது குறை சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? போகிற ஆள் எப்படிப்பட்டவராக இருந்தாலும், மாலை விழுந்த கழுத்துக்கு முன்னால் நம் வாயில் புகழ் மட்டும்தான் வரும். அது ஒரு மரியாதை. மாஸ்டர் எழுந்தார். "எங்கள் வைரவர்" என்றார். வைரவர் யார், அவர் ஊரை எப்படிக் காவல் காக்கிறார் என்று ஆங்கிலத்தில் விளக்கமும் கொடுத்தார். அடுத்து வந்தவர், பெரியவரின் காலத்தில் தமிழர் கதவைப் பூட்டாமல் உறங்கியதாகச் சொன்னார். கதவைப் பூட்டாமலா? நான் வடையை வாயில் வைத்தபடி நேசராசாவைத் திரும்பிப் பார்த்தேன்.

நேசராசாவின் முறை வந்தது. ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றார். மண்டபம் காத்திருந்தது. தலைமையக அதிகாரி முன்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்தார். நேசராசா பொன்னாடைக்குள் வியர்த்துக்கொண்டிருந்த பெரியவரைப் பார்த்தார். மல்லிகைச் சரத்தோடு சிரித்த அந்த அம்மாவைப் பார்த்தார்.

"ஐயா, எங்களுக்கு ஒரு குறையும் இல்லை" என்றார் ஆங்கிலத்தில். "இப்போது இருப்பது போலவே எப்போதும் இருக்க வேண்டும்."

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல்!

அத்தோடு முடிந்ததா? ஒரு பொன்னாடை மிச்சம் இருந்தது. பெரியவருக்குப் பக்கத்திலேயே சின்னவர் இருக்கிறார். பக்கத்திலிருப்பவரை வெறும் தோளோடு அனுப்புவது அழகா? அவருக்கும் போர்த்தினார்கள். தலைமையக அதிகாரி எழுந்தார். தன் அனுபவத்தில் இவ்வளவு திருப்தியான மக்களைக் கண்டதில்லை என்றார். இப்படி நடக்கும் ஒரு நிலையத்தில் எதையும் மாற்றாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம் என்றார். நாங்கள் அதற்கும் கைதட்டினோம்.

அடுத்த மாதம் சின்னவர் ஓ.ஐ.சி.

பிரியாவிடை முடிந்து திரும்பும்போது நானும் நேசராசாவின் கடை வானில்தான் வந்தேன். தவமணி கேட்டார்: "ஏன் சொல்லேல்லை?"

"சபையிலை வைச்சு எப்பிடியப்பா சொல்லுறது?" என்றார் நேசராசா. "அந்த மனுசி பூ வைச்சுக்கொண்டு இருக்குது..."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யார்மேல் வருவது? நேசராசாவின் இடத்தில் நின்றிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். முருங்கைக்காயை நிறுத்து முடிப்பதற்குள் சின்னவர் வந்துவிட்டார். மன்னிக்கவும், இப்போது அவர்தான் பெரியவர். தோளில் புதுப் பட்டி. பலகையைத் தட்டிப் பார்த்தார். தலையை ஆட்டினார். வருத்தம் உண்மையாகத்தான் இருந்தது.

"அந்தப் பையனின் தகப்பனை எனக்குத் தெரியும்" என்று தொடங்கினார். "நான் ஒரு வார்த்தை..."

"தாங்க் யூ சேர்" என்றார் நேசராசா. "தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

பருப்புப் பை தொப்பென்று கீழே விழுந்தது. தவமணி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். அவர் பேசியது ஆங்கிலம்தான். வேகம் மட்டும் யாழ்ப்பாணம். நான் தமிழிலேயே தருகிறேன்.

"முந்தியெல்லாம் மேலிடத்தின்ரை கையிலை எண்டு சொன்னனீங்கள். இப்ப உங்களுக்கு மேலை இந்த ஸ்டேசனிலை ஆர் இருக்கினம்?"

அவர் பலகையின் பக்கம் திரும்பினார்.

"அவன்ரை தகப்பனைத் தெரியும் எண்டுறியள். சரி. எங்களையும் கனகாலமாத் தெரியும் எண்டுறியள். என்ரை கையாலை எத்தினை தேத்தண்ணி குடிச்சிருப்பியள். என்ரை பேர் என்ன?"

நான் முருங்கைக்காயைக் கையில் பிடித்தபடி நின்றேன். அந்த மனிதர் நேசராசாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கடைசியில் தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது.

"தெரியாது" என்றார் மெதுவாக. "மன்னிக்க வேண்டும்."

"அப்ப முதலிலையிருந்து தொடங்குறன்" என்றார் தவமணி. "என்ரை பேர் தவமணி."

எந்தக் கதையை முதலிலிருந்து சொல்ல ஏலாது என்றாரோ, அதே கதையை முதலிலிருந்து சொன்னார். முதல் கல் விழுந்த நாள், பள்ளிக்குப் போகும் வழியில் பிள்ளைகளுக்கு விழுந்த எச்சில், பலகைக்குப் பின்னால் பகலிலும் லைட் போட்டுக்கொண்டு இருக்கும் கடை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "திருமதி தவமணி" என்று சரியாகவே சொன்னார். "இன்று அந்த வீட்டுக்குப் போகிறேன். பந்தடித்த சிநேகிதனாகப் போகவில்லை."

போனார். அந்தப் பையனை நிலையத்துக்குக் கூட்டிப்போனதாக ஞாயிற்றுக்கிழமை கேள்விப்பட்டேன். வழக்கு நிற்குமா, தகப்பனின் சிநேகம் வெல்லுமா... எனக்குத் தெரியாது. பலகை மட்டும் போய்க் கண்ணாடி வந்திருக்கிறது.

உள்ளாளா, வெளியாளா என்று நாங்கள் மாதக்கணக்கில் வாதாடினோம். யாருக்கு உள்ளாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. சின்னவர் அந்தத் தெருவுக்கு உள்ளாள். எங்களுக்கு அன்றுவரை வெளியாள். வெளியிலிருந்து ஒருவர் வந்திருந்தாலும் ஒரு வருடத்துக்குள் யாரோ ஒருவரின் வீட்டில் சாப்பிடத்தான் போகிறார். யார் வந்தாலும் எங்கள் பெயரை நாங்கள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். சபையில் வைத்துச் சொல்லவும் பழக வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மாஸ்டர் போன் எடுத்தார். புது ஓ.ஐ.சிக்குச் சங்கம் வரவேற்பு வைக்கிறதாம். பொன்னாடைக்குச் சொல்லியாயிற்றாம். நன்றியுரைக்கு மட்டும் ஆள் தேவையாம்.

தவமணியின் பெயரைப் போடச் சொல்லியிருக்கிறேன்.