சிலுவைப் பதக்கத்துக்கு ஒரு வாழ்த்துரை

ஒருவரின் துணிவைப் பாராட்டி மண்டபமே கைதட்டும்போது, அந்தத் துணிவுக்கு எதிரே நின்றவர்களைப் பற்றி யார் கேட்பது? பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் படித்த காலத்தில் இந்தக் கேள்வி எனக்கு எழவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவில், எங்கள் தேவாலயப் பங்குத் தமிழரின் கிறிஸ்மஸ் விழாவான நத்தார் ஒளிவிழாவுக்கு வாழ்த்துரை எழுதும் பொறுப்பு வந்தபோதுதான் எழுந்தது.

அப்போது பலெர்மோவின் கடற்கரைப் பகுதியான மொண்டெல்லோவில் ஒரு முதிய அமெரிக்கரைப் பராமரித்து வந்தேன். சிசிலியிலிருந்து அமெரிக்காவுக்குப் போன குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் பெற்றோரின் தீவிலேயே அமெரிக்கப் படைவீரராக வந்திறங்கியவர். ஓய்வு பெற்றபின் மனைவியின் ஊர் என்று இங்கே குடியேறியிருந்தார். வரவேற்பறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அவருடைய பதக்கங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று, அமெரிக்கத் தரைப்படையின் வீர விருதுகளில் இரண்டாம் இடத்திலுள்ள சிலுவைப் பதக்கம்.

குழப்பம் அந்தச் சிலுவையில்தான் தொடங்கியது. ஒருநாள், விழாவை நடத்தும் எங்கள் சங்கத்தின் தலைவர் என்னைத் தேடி அந்த வீட்டுக்கு வந்தார். நாடாவில் தொங்கிய சிலுவையைக் கண்டதும், பாப்பரசர் அளித்த விருது என்று முடிவுகட்டிவிட்டார். நான் தேநீரோடு திரும்புவதற்குள், தமக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் முதியவரைப் பிரதம விருந்தினராக அழைத்து, பொன்னாடை போர்த்துவதாகவும் வாக்களித்திருந்தார். முதியவர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டிருந்தார். வழியனுப்பப் போன பஸ் நிறுத்தத்தில், அது இராணுவப் பதக்கம் என்ற உண்மையைச் சொன்னேன். தலைவர் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சிலுவையெண்டால் கோயில்தானே தம்பி குடுக்கும்? ஆமிக்கு ஏன் இந்த வேலை?"

செய்தி பாடல் ஒத்திகைக்கும் போயிற்று. பாடகர் குழுவை நடத்தியவர் மன்னாரைச் சேர்ந்த ஓர் அக்கா. அவருடைய கணவரை இலங்கை இராணுவத்தினர் வீட்டிலிருந்து கூட்டிச்சென்று சுட்டிருந்தார்கள். அந்த விருந்தினர் வந்தால் தாம் வரப்போவதில்லை என்று அவர் அமைதியாகவே சொன்னார். இது வேறு ஆமி, வெள்ளைக்காரனுடைய ஆமி என்று ஒருவர் பகிடியாகச் சொல்லிப் பார்த்தார்.

"வெடி பட்டவனுக்கு ரெண்டும் ஒண்டுதான்," என்றார் அக்கா. "என்ரை மனிசனைச் சுட்டவனுக்கும் அங்கை ஆரோ பதக்கம் குத்தியிருப்பினம். அதுக்குப் பக்கத்திலை நிண்டு நான் பாடோணுமோ?"

விளைவுகளை எண்ணிப் பார்த்தேன். அழைப்பைத் திரும்பப் பெற்றால் ஒரு முதியவரை அவர் வீட்டிலேயே அவமதித்ததாகும். பெறாவிட்டால், வாரம் முழுவதும் தம் எசமானியின் சமையலறையில் நின்று உழைக்கும் அக்கா, தம் சனத்தோடு இருக்கக் கிடைத்த ஒரே இடத்தை இழப்பார். பதக்கங்களைக் குத்தாமல் வரச் சொல்லலாம் என்றார் தலைவர். அது யாருக்கும் நியாயமாகத் தோன்றாது என்று மறுத்தேன். இருவரும் நேரில் பேச வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இருக்கவில்லை. முதியவரிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். அவரை அழைத்து வா என்றார். அக்கா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: கூட்டிக் குறைத்து மொழிபெயர்க்கக் கூடாது.

வீட்டு வேலை செய்யும் எங்கள் எல்லோருக்கும் விடுமுறையான வியாழன் பிற்பகலில் போனோம். அக்கா உட்காரவில்லை. சட்டத்தின் முன்னால் போய் நின்றார்.

"இது எதுக்குத் தந்தவையெண்டு கேளும்."

அந்த வீட்டுக்கு வந்தவர்கள் எத்தனை பேரைக் கொன்றீர்கள் என்று கேட்டதை நான் கேட்டிருக்கிறேன். எதற்காகத் தந்தார்கள் என்று எவரும் கேட்டதில்லை. முதியவர் நிதானமாகச் சொன்னார். தீவின் உட்பகுதியில் ஓர் ஆற்றுப் படுகையில் அவருடைய தோழர்கள் காயப்பட்டுக் கிடந்தார்கள். இயந்திரத் துப்பாக்கியோடு தனியாக மேட்டில் ஏறி, அவர்களைத் தூக்கிச் செல்லும்வரை இடத்தைக் காத்தார். விருதுப் பத்திரத்தில் இருந்தது அவ்வளவே.

"மற்றப் பக்கத்திலை ஆர் நிண்டது?" என்றார் அக்கா.

முதியவர் அருகிலிருந்த மனைவியை ஒருமுறை பார்த்தார். பிறகு அவர் ஆங்கிலத்தில் சொன்னதை, ஒரு சொல்லும் விடாமல் அக்காவிடம் சொன்னேன்:

"பெடியங்கள். இத்தாலிக்காரப் பெடியங்கள். ஒருத்தன் சாகேக்கை தாயைக் கூப்பிட்டவன். என்ரை அம்மா வீட்டிலை கதைச்ச அதே பாஷை. பதக்கம் குத்தேக்கை வாசிச்சதிலை அது இல்லை."

அக்கா அப்போதுதான் உட்கார்ந்தார். சரணடையக் கை உயர்த்தியவர்களையும் சுட்டாரா என்று கேட்கச் சொன்னார். இல்லை, கை உயர்த்தியவர்களைக் கீழே கூட்டிவந்து ஒப்படைத்ததாக முதியவர் சொன்னார். அக்கா அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முதியவரின் மனைவி கொண்டுவந்து வைத்த காப்பி ஆறிப்போயிற்று.

"வரட்டும்," என்றார் கடைசியில். "பதக்கத்தோடையே வரட்டும். ஆனா தம்பி, நீர் வாசிக்கிறதிலை அந்தப் பெடியனும் இருக்கோணும்."

இதை மொழிபெயர்த்தபோது முதியவர் தலையசைத்தார். அந்தப் பையனைப் பற்றிய பகுதியைத் தம்மைப் பற்றியதற்கு முன்பே வாசிக்கும்படி மட்டும் கேட்டுக்கொண்டார்.

அப்படியே வாசித்தேன். இத்தாலியப் பங்குத்தந்தைக்காக அதை அவர் மொழியிலும் வாசித்தேன். வழக்கமாகக் கைதட்டத் தொடங்கும் முன்வரிசைக்கு எங்கே தட்டுவது என்று தெரியவில்லை. பையனின் பகுதி முடிந்தபோது சிலர் எழுந்து நின்றார்கள், பிறகு எல்லோரும் நின்றோம். அக்கா கைதட்டவில்லை. பாட வந்திருந்தார், பாடினார்.

அடுத்த ஆண்டிலிருந்து, எவரைக் கௌரவிப்பதானாலும், மற்றப் பக்கத்தில் நின்றது யார் என்று அவரிடமே போய்க் கேட்டு, அவர் சொன்னதை முழுமையாக எழுதி வாசிப்பது எங்கள் சங்கத்தின் விதியாயிற்று. அதற்குப் பிறகு சிலர் கௌரவமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.