பிலோமினாளின் மெட்டு

அந்த மெட்டு என்னுடையதல்ல. அதைத் திருடினேன். தெரிந்தே திருடினேன்!

வில்லியனூர்ப் பக்கத்தில் கித்தார் வாசிக்கிறவன் என்று நீங்கள் என்னை அறிந்திருக்கலாம். கையைப் பிடித்துப் பாராட்டியும் இருக்கலாம். அந்தப் பாராட்டை இப்போது திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை.

எங்கள் ஊர் ஒதியம்பட்டு. சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பிய என் சித்தப்பா ஒரு கித்தாரைக் கொண்டுவந்தார். அவருக்கு வாசிக்கப் பொறுமை இல்லை. எனக்கு வயல் வேலையில் பொறுமை இல்லை. கித்தார் என் மடிக்கு வந்துவிட்டது.

அந்த ஆண்டு பிரெஞ்சுக்காரர்களின் ஜூலை பதினாலு விழாவில் நான் தனியாக வாசிக்க வேண்டும் என்று எங்கள் கொம்யூனுக்குத் தலைவரான மேர் சொல்லியனுப்பினார். ஒரே ஒரு பாட்டு. புதுச்சேரியிலிருந்து துரைகள் வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் பட்டணத்துப் பள்ளி ஒன்றில் சங்கீதம் சொல்லித்தரும் வேலை கிடைக்கும் என்று சித்தப்பா ஆசை காட்டினார். கலப்பையிடமிருந்து தப்பிக்க எனக்கு வேறு வழி ஏது?

எதை வாசிப்பது? சித்தப்பா கற்றுத்தந்த பிரெஞ்சு அணிவகுப்புப் பாட்டை எடுத்தேன். அதைப் பட்டணத்துப் பேண்டுக்காரர்கள் அதிர அதிர ஊதிவிட்டுப் போன பிறகு நான் ஒருவன் உட்கார்ந்து மீட்டினால் சிரிக்கமாட்டார்களா? மாதா கோயில் பாட்டை எடுத்தேன். கேளிக்கையில் அதை வாசித்தால் சாமியார் தோலை உரித்துவிடுவார். நடவுப் பாட்டை எடுத்தேன். கூட்டமே சேர்ந்து பாட ஆரம்பித்துவிடும். என் கித்தார் யார் காதில் விழும்?

அப்போது விரல்கள் தாமாகவே ஒன்றைத் தேடிப் போயின... அது பிலோமினாள் அக்காளின் மெட்டு.

பிலோமினாள் எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரி. கணவன் இல்லை; கூலி வேலை. ஒரே மகள் ரோசாலி காய்ச்சலில் போய்விட்டாள். பிணத்தருகே உட்கார்ந்து அந்தத் தாய் அழுத மெட்டு அது. எங்கள் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாவு வீட்டில் ஒவ்வொருத்தியும் தான் கட்டிய மெட்டில்தான் அழுவாள். அவசரத்துக்கு ஒருத்தி புடவையை இன்னொருத்தி உடுத்திக்கொள்வாள். மெட்டை மட்டும் தொடமாட்டாள்.

இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நான் ஆண்பிள்ளை, கையில் இருப்பது கித்தார், சொற்கள் இல்லை, அழுகை இல்லை... வேகத்தைக் கூட்டி வாசித்தால் யாருக்குத் தெரியப்போகிறது? இப்படி எனக்கு நானே வக்கீலாகி, வாதாடி, ஜெயித்தும் விட்டேன்!

விழாவில் வாசித்தேன். துரைகள் கைதட்டினார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற எங்கள் ஊர்ப் பெண்கள் மட்டும் தட்டவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். மொழிபெயர்க்கிறவர் என்னருகே வந்தார். யார் கட்டிய மெட்டு என்று துரை கேட்கிறாராம்.

"நான் கட்டினதுங்க" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்!

மறுநாள் பிலோமினாள் எங்கள் வாசலுக்கு வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்தேன். சண்டை போட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"தம்பி, நேத்து வாசிச்சியே, அது இன்னா மெட்டு? எம்பொண்ணுக்கு நான் அழுத மாதிரியே இருந்துச்சுப்பா."

வேலை ஏறக்குறைய உறுதியாகியிருந்தது. சித்தப்பா உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"இல்லக்கா, அது நானா கட்டினது. பொண்ணயே நெனச்சிக்கினு இருக்கியா, எதக் கேட்டாலும் உனக்கு அப்படித்தான் தோணும்."



"இருக்கும்பா. படிச்ச புள்ள நீ, பொய்யா சொல்லப்போற? எனக்குத்தான் புத்தி கலங்கிப்போச்சி."

சொல்லிவிட்டுக் களையெடுக்கப் போய்விட்டாள். ஊர்ப் பெண்களும் வாய் திறக்கவில்லை. உடையவளே விட்டுக்கொடுத்துவிட்ட மெட்டுக்கு அவர்கள் என்ன வழக்குப் பேசுவார்கள்?

திருட்டைக் காட்டிலும் பெரிய பாவம் எது தெரியுமா? ஒரு தாய் தன் அழுகையைத் தானே சந்தேகப்படும்படி செய்தேனே... அது!

வேலை கிடைத்தது. இஸ்திரி போட்ட சட்டையோடு பட்டணத்தில் நடமாடினேன். நன்றாகத் தூங்கவும் செய்தேன். அதையும் மறைக்கப் போவதில்லை.

பிறகு கல்லறைத் திருநாள் வந்தது. செத்தவர்களின் தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்றி அழுகிற நாள். ஊருக்கு வந்திருந்தேன். மற்றப் பெண்கள் அழத் தொடங்கிவிட்டார்கள். ரோசாலியைப் புதைத்த மேட்டருகே பிலோமினாள் சும்மா உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறப்பாள், மூடிக்கொள்வாள். என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"தம்பி, எனக்கு அந்த மெட்டுதான் வருது, வேற எதுவும் வரமாட்டேங்குது. அது உன்னுதாச்சே... அதுல நான் அழுவலாமா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஊரே சுற்றி நின்றது. என் வாயும் திறந்தது. என்ன வந்தது தெரியுமா?

"அழுதுக்கோக்கா, பரவால்ல."

அனுமதி கொடுத்தேன்! அவள் மகளுக்காக அவள் அழ, நான் அனுமதி கொடுத்தேன்!

"நல்லா இருப்பா" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். பிறர் வீட்டுப் பாத்திரத்தைப் புழங்குகிறவளைப் போல் மெல்ல, பயந்து பயந்து அழுதாள்.

அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் என்னைத் தேடிவந்து கேட்கிறாள். நான் வரத் தாமதமானால் காத்திருக்கிறாள், அதுவரை அழுவதில்லை.

இந்த ஆண்டும் கேட்டாள். இந்த ஆண்டும் தலையாட்டினேன்.